பேயரசனுக்கு எத்தனை உயிர்?

2016 ஜூலையில் நெட்ஃப்ளிக்ஸில் வந்த ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ தொடரின் தொடக்கத்தில் வரும் ஒரு காட்சி பலருக்கு நினைவிருக்கும். கதை நடப்பது 1983 நவம்பரில். அமெரிக்கச் சிற்றூர் ஒன்றில், வீட்டின் நிலவறையில், நான்கு பையன்கள் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். மேசைமேல் ஒரு பொம்மை ‘டொக்’கென்று வைக்கப்படுகிறது. டெமோகார்கன்! ஒருவன் தற்காப்பு மந்திரம் போடச் சொல்கிறான், இன்னொருவன் தீப்பந்தை வீசச் சொல்லிக் கத்துகிறான். வில் என்ற பையன் தீப்பந்தைத் தேர்ந்தெடுத்துப் பகடையை உருட்டுகிறான். 13 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். பகடை மேசையைத் தாண்டித் தரையில் ஓடுகிறது. விழுந்தது 7.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. படம் பார்க்கும்போது கணக்கு இடித்தால் எழுந்துபோய்ப் புத்தகத்தைப் புரட்டுவேன். அந்தப் பையன்கள் ஆடுவது ‘டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்’. அந்தக் காலத்துப் பையன்கள் கையில் இருந்திருக்கக்கூடிய பூதப் பட்டியல், கேரி கைகாக்ஸ் எழுதி 1977-இல் வந்த ‘மான்ஸ்டர் மேனுவல்’. அதில் டெமோகார்கனுக்கு 200 உயிர்ப்புள்ளி. மந்திர எதிர்ப்பு 95 சதவீதம். பதினோராம் லெவல் மந்திரவாதி வீசும் நூறு மந்திரத்தில் 95 அவன் கிட்டப் போனதும் அவிந்துவிடும் என்று பொருள். தீப்பந்து எவ்வளவு சுடும் என்பதற்கு லெவலுக்கு ஓர் ஆறுமுகப் பகடை உருட்ட வேண்டும். பதினொரு பகடையின் சராசரி 38.5. ஐந்தே சொச்சம் தீப்பந்து முழுதாகப் பட்டால் 200 தீர்ந்துவிடும். ஆனால் இருபதில் ஒன்றுதான் படும் என்பதால் வீச வேண்டியவை சுமார் 104. அந்த லெவல் மந்திரவாதி ஒரு நாளைக்கு அந்த வரிசை மந்திரத்தை நான்கு முறைதான் வீசலாம். ஆக, 26 மந்திரவாதிகள் வரிசைகட்டி நிற்க வேண்டும். அதுவும் டெமோகார்கன் ஒருமுறைகூடப் பாதிச் சூட்டோடு தப்பவில்லை என்று வைத்துக்கொண்டால்.

பதினொன்றுக்குக் கீழே ஒவ்வொரு லெவலுக்கும் எதிர்ப்பு இன்னும் ஐந்து ஐந்தாகக் கூடும் என்று அந்த விதி சொல்கிறது. பத்தாம் லெவல் என்றாலே நூற்றுக்கு நூறு. வில் பையன் 13 என்ன, 20 போட்டிருந்தாலும் அவன் கதி அதுதான்.

இந்த 200, 95 எல்லாம் யார் வைத்த கணக்கு? ஒரு பேயரசனுக்கு எவ்வளவு பலம் இருந்தால் நியாயம்? சிரிப்பாக இருக்கலாம், ஆனால் ஏறத்தாழ ஐம்பது வருஷமாக வயதுவந்தவர்கள் இதற்காகத் தூக்கம் கெட்டு வாதாடி வந்திருக்கிறார்கள். கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்தால் இதற்குள் நிகழ்தகவு இருக்கிறது, போர்க்களக் கணிதம் இருக்கிறது, ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் மனிதர்களின் பொறுமையும் இருக்கிறது.

ஆடாதவர்களுக்கு இரண்டு வரி. 1974-இல் கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் மூன்று சிறு புத்தகங்களை ஒரு பெட்டியில் போட்டு விற்றதில் இந்த விளையாட்டு தொடங்கியது. ஒருவர் கதையை நடத்துவார். அவர் டன்ஜன் மாஸ்டர், ஆடுகிறவர்கள் வாயில் ‘டிஎம்’. மற்ற நாலைந்து பேர் ஆளுக்கொரு பாத்திரம். வாள் வீசினால் இருபது முகப் பகடையை உருட்டி, தன் திறமை எண்ணைக் கூட்டி, எதிராளியின் கவச எண்ணை எட்டினால் அடி விழுந்தது என்று கணக்கு. விழுந்த அடி உயிர்ப்புள்ளியில் கழியும். பூஜ்யமானால் ஆள் காலி. உயிர்ப்புள்ளி, கவச எண் இரண்டையும் ஆர்னசன் கப்பல்போர் விளையாட்டிலிருந்து எடுத்து வந்தார். இரும்புக் கப்பல் எத்தனை குண்டு தாங்கும் என்ற கேள்விக்குப் பிறந்த எண், இப்போது நரகத்து ராஜா எத்தனை வெட்டு தாங்குவான் என்று சொல்கிறது.

டெமோகார்கன் என்ற பெயரின் கதை இன்னும் வேடிக்கை. அப்படி ஒரு தெய்வம் எந்தப் பழங்கதையிலும் இருந்ததில்லை என்பதுதான் அறிஞர்கள் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும் முடிவு. ஸ்டேஷியஸ் என்ற ரோமானியக் கவிஞரின் காவியத்துக்கு எழுதப்பட்ட ஒரு பழைய உரையில், உலகைப் படைத்தவனைக் குறிக்கும் ‘டெமியர்கோஸ்’ என்ற கிரேக்கச் சொல் வந்திருக்கிறது. ஏடெடுத்து எழுதியவர் யாரோ கை தவறி எழுத்தை மாற்றிவிட்டார். பதினான்காம் நூற்றாண்டில் பொக்காச்சியோ அந்தப் பிழையை நம்பி, எல்லாத் தெய்வங்களுக்கும் மூத்த தகப்பன் இவன்தான் என்று வம்சாவளியே எழுதினார். பிறகு மில்டன், ஷெல்லி வழியாக நடந்து, 1976-இல் இந்த விளையாட்டின் ‘எல்ட்ரிட்ச் விசர்ட்ரி’ என்ற துணைநூலில் இரட்டைத் தலையோடும் கைக்குப் பதில் விழுதுகளோடும் வந்து உட்கார்ந்தான். ஏட்டுப் பிழையில் பிறந்து பேய்களுக்கு இளவரசன் ஆனவன் வேறு யாரும் எனக்குத் தெரிந்து இல்லை.

‘டீமன்’ என்பதற்குத் தமிழில் என்ன சொல்வது என்பதும் சிக்கல்தான். அசுரன் என்றால் தவம் செய்தவன், வரம் பெற்றவன், ஒரு கம்பீரம் வந்துவிடும். அரக்கன் என்று சொல்லலாம் என்றால் அதே 1977 புத்தகத்தில் ‘ராட்சசா’ என்று புலித்தலையோடு ஒருவன் தனியாகவே இருக்கிறான், குழம்பும். பேய் என்றால் நமக்குப் புளியமரம். வேறு வழியில்லாமல் பேயரசன் என்றே வைத்துக்கொள்கிறேன்.

1977 பட்டியலை ஒரு வரியில் போட்டால்: டெமோகார்கன் 200, ஆர்க்கஸ் 120, யீனோகு 100, ஜூப்லெக்ஸ் 88. இவர்கள் கட்டுக்கடங்காத பேய்கள். சட்டதிட்டத்தோடு தீமை செய்யும் இன்னொரு கூட்டம் உண்டு, நரகத்து அதிகாரிகள் மாதிரி. அவர்களின் தலைவன் அஸ்மோடியஸுக்கு 199. அந்த ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். பந்தியில் யாருக்கு முதல் இலை என்ற தகராறை கைகாக்ஸ் ஒரே புள்ளியில் தீர்த்துவிட்டார்.

சிலந்தி ராணி லோல்த்துக்குக் கிடைத்தது 66. 1978 முதல் அடுக்கடுக்காக வந்த சாகசங்களில் ராட்சதர்களைத் தாண்டி, பாதாளத்தைத் தாண்டி, கடைசியில் 1980-இல் வெளிவந்த ‘குவீன் ஆஃப் த டீமன்வெப் பிட்ஸ்’ நூலில் வீரர்கள் அவளுடைய வீட்டுக்கே போய்ச் சந்திக்கிறார்கள். மாதக்கணக்கான பயணம். சராசரி 12 புள்ளி வெட்டும் வாள் என்றால் ஆறு வெட்டு. கவச எண் என்னவோ மிகக் கடினமானதுதான், ஆனால் பகடை கைகொடுத்தால் அவள் கதை ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும். கல்யாணத்துக்கு வெளியூரிலிருந்து வந்து பந்தியில் மோரோடு எழுந்த மாதிரி.

தெய்வங்களுக்கும் இதே கதை. 1976-இல் தெய்வங்களுக்கும் உயிர்ப்புள்ளி போட்டு ஒரு துணைநூல் வந்தது. அதன் முன்னுரையில் பதிப்பாசிரியர் டிம் காஸ்க், நாற்பது லெவல் தாண்டிய வீரர்களை வைத்துக்கொண்டு திரிகிறவர்களைக் கிண்டலடித்தார். ஓடினுக்கே 300 புள்ளிதான், உன் வீரன் எங்கே நிற்கிறான் பார் என்பது அவர் வாதம். படித்தவர்கள் பலர் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்கள். 300 தானே? அடித்துவிடலாம். 1980-இல் விரிவாக வந்த ‘டெய்ட்டீஸ் அண்டு டெமிகாட்ஸ்’ நூலில் இந்தியத் தெய்வங்களும் இருந்தார்கள். இந்திரன், வருணன், யமனோடு நம் கார்த்திகேயனுக்கும் ஓர் உயிர்ப்புள்ளி எண் போட்டிருக்கிறார்கள். எண் என்று ஒன்றை எழுதிவிட்டால் அது கழிப்பதற்குத்தான் என்று எடுத்துக்கொள்ளும் கூட்டம் இது.

அப்படியானால் எண்ணைப் பெரிதாகப் போட்டுவிட்டால் தீர்ந்ததா? அதையும் செய்து பார்த்தார்கள். 2008-இல் வந்த நான்காம் பதிப்பின் ‘மான்ஸ்டர் மேனுவல்’ அட்டையிலேயே ஆட்டுத்தலையும் தொப்பையுமாக ஆர்க்கஸ். வீரர்கள் எட்டக்கூடிய உச்சம் 30-ஆம் லெவல். ஆர்க்கஸின் லெவல் 33. உயிர்ப்புள்ளி 1525. ஏணியின் கடைசிப் படிக்கு மூன்றடி மேலே அவனை உட்கார வைத்தது எனக்குப் பிடித்த யோசனைதான். ஆனால் 1525-ஐக் கடிகாரத்தில் மாற்றிப் பார்ப்போம். ஐந்து வீரர்கள், பத்துக்கு ஆறு அடி படுகிறது, ஓர் அடிக்கு 30 என்று வைத்துக்கொண்டால் ஒரு சுற்றுக்கு 90. பதினேழு சுற்று. ஆளுக்கு இரண்டு நிமிஷம், ஆர்க்கஸுக்கும் இரண்டு நிமிஷம் என்றால் சுற்றுக்குப் பன்னிரண்டு நிமிஷம். மொத்தம் மூன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. பத்தாவது சுற்றில் யார் ஜெயிக்கப் போகிறார்கள் என்று தெரிந்துவிடும். மிச்சம் ஏழு சுற்றும் கழித்தல் கணக்கு. பேயரசன் பயங்கரமானவனாக இருந்த நேரம் போய், எப்போதடா சாவான் என்று ஆகிவிடும்.

உயிர்ப்புள்ளி நிஜத்தில் அளப்பது பலத்தை அல்ல, நேரத்தை. இதை ஒத்துக்கொண்டால் மற்றதெல்லாம் விளங்கும்.

ஐந்து வீரர்கள், எல்லாரும் ஒரே அளவு. எதிரே ஒருத்தன். அவன் ஒவ்வொருவராகக் குறிவைத்து வீழ்த்துகிறான். முதல் ஆள் விழும்வரை அவன்மேல் ஐந்து வாள். அடுத்தவன் விழும்வரை நான்கு. பிறகு மூன்று, இரண்டு, ஒன்று. கூட்டினால் 15. அதாவது சமபலத்தில் நிற்க, அவனுடைய அடியையும் உயிரையும் பெருக்கினால் ஒரு வீரனைவிடப் பதினைந்து மடங்கு வர வேண்டும். மூன்று மடங்கு அடி, ஐந்து மடங்கு உயிர் என்று பிரித்துக்கொள்ளலாம். சரி, அந்த வாரம் ஒரு மச்சான் ஊரிலிருந்து வந்து ஆறாவது ஆளாகச் சேர்ந்தால்? ஆறு, ஐந்து, நான்கு என்று கூட்டினால் 21. ஒரு நாற்காலி கூடியதற்குப் பேயரசன் பலம் நாற்பது சதவீதம் கூட வேண்டும். ஐந்து பேருக்குச் செய்த ரசத்தில் தண்ணீர் ஊற்றி ஆறாவது ஆளுக்கும் பரிமாறுவது போல இங்கே முடியாது.

இந்தக் கணக்குக்கு ஒரு பெரிய அண்ணன் உண்டு. பிரெட்ரிக் லான்செஸ்டர் என்ற ஆங்கிலேய மோட்டார் பொறியாளர், 1916-இல் வெளியிட்ட விமானப் போர் பற்றிய புத்தகத்தில், குறிபார்த்துச் சுடும் போரில் ஒரு படையின் வலிமை அதன் எண்ணிக்கைக்கு ஏற்ப அல்ல, எண்ணிக்கையின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்கிறது என்று காட்டினார். ஆள் இருமடங்கானால் வலிமை நான்கு மடங்கு. முதல் உலகப்போரின் கணிதம்தான் பகடை மேசையிலும் வந்து உட்கார்ந்திருக்கிறது. தனி ஒருவனாக நிற்கும் அரசன், எவ்வளவு பெரியவனாக இருந்தாலும், தலை எண்ணிக்கைக்கு எதிராகப் போராடுகிறான்.

அதிலும் மோசமானது முறை போவது. ஐந்து பேரில் ஒருவனை மயக்கிப் போட்டால் அந்தப் பக்கம் ஐந்தில் ஒரு பங்குதான் நஷ்டம். பேயரசனை ஒரு சுற்று மயக்கிவிட்டால் அவன் பக்கம் மொத்தமும் நஷ்டம். நூற்றுக்குப் பத்துதான் பலிக்கும் என்று ஒரு மயக்க மந்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து பேரும் ஆளுக்கொரு முறை முயன்றால் ஒன்றாவது பலிக்கும் வாய்ப்பு 41 சதவீதம். மூன்று சுற்று முயன்றால் 79. தொண்ணூறு சதவீதம் தப்பிக்கக்கூடிய ஒருவன், மூன்றாவது சுற்று முடிவதற்குள் ஐந்துக்கு நான்கு தடவை சிக்கிவிடுவான்.

2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பு இதை நேராகவே எதிர்கொண்டது. பெரிய எதிரிகளுக்கு இரண்டு சலுகை. ஒன்று, ஒரு நாளைக்கு மூன்று முறை, பகடையில் தோற்றாலும் தப்பித்ததாக அவனே சொல்லிக்கொள்ளலாம். மற்றொன்று, அடுத்தவர் முறை முடிகிற இடத்தில் குறுக்கே புகுந்து சின்னதாக ஏதாவது செய்யலாம், சுற்றுக்கு இரண்டு மூன்று தடவை. உயிரைக் கூட்டாமல் நேரத்தைக் கூட்டிக் கொடுத்தார்கள். அந்தப் பதிப்பில் டெமோகார்கனுக்கு, 2018-இன் ‘மோர்டன்கைனன்’ஸ் டோம் ஆஃப் ஃபோஸ்’ கணக்குப்படி, 406 புள்ளி. அதே பதிப்பில் கிழட்டுச் செந்நிற டிராகன் ஒன்றுக்கு 546. பேய்களின் இளவரசனைவிட ஒரு கிழட்டுப் பல்லிக்கு உயிர் அதிகம் என்று கோபப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் கோபப்படுவதில்லை. டிராகன் சதைமலை. டெமோகார்கன் வேறு ஜாதி விஷம்.

ஆனால் 406-ஐ மட்டும் நம்பி அவனை வெளியே அனுப்பினால் என்ன ஆகும்? இருபது முகப் பகடைக்கு ஒரு குணம்: அதில் இருபதில் ஒன்றைவிடக் குறைந்த வாய்ப்பு என்று எதையும் காட்ட முடியாது. இருபது விழுந்தால் அடி பட்டே தீரும். எப்பேர்ப்பட்ட கவசத்துக்கும் ஐந்து சதவீத ஓட்டை உண்டு. டெமோகார்கனின் கவச எண் 22. சாதாரண வில்லாளி ஒருவன் பகடையோடு 4 கூட்டிக்கொள்கிறான் என்றால் 18, 19, 20 விழுந்தால் படும், அதாவது 15 சதவீதம். ஆயிரம் வில்லாளிகளைக் கோட்டைச் சுவரில் நிறுத்துங்கள். 150 அம்பு படும். அதில் 50 அம்பு இருபது விழுந்ததால் இரட்டைப் பகடைச் சேதம். எட்டுமுகப் பகடையும் கூட 2-உம் என்று கணக்குப் போட்டால் மொத்தம் 1200. ஆறு விநாடிச் சுற்று ஒன்றில், சம்பளத்துக்கு வேலை பார்க்கும் சிப்பாய்கள் இரண்டு டெமோகார்கனைக் கொன்று மூன்றாமவனையும் கிட்டத்தட்ட முடித்திருப்பார்கள்.

அப்படி நடக்காமல் காப்பது பக்கத்தின் நடுவில் இருக்கும் ஒரு வரி: மந்திரமேறாத ஆயுதம் எதுவும் அவனைத் தொடாது. நம் கதைகளில் இதற்குப் பெயர் வரம். இரணியனின் பலம் தோளில் இல்லை, மனிதனாலும் கூடாது, மிருகத்தாலும் கூடாது, பகலிலும் கூடாது, இரவிலும் கூடாது என்ற அந்தப் பட்டியலில் இருந்தது. வரம் எழுதுகிறவன் சந்து விட்டே எழுதுவான், அந்தச் சந்தைத் தேடுவதுதான் கதை. புலித்தலை ராட்சசாவுக்கு 1977-இல் கைகாக்ஸ் இதைத்தான் செய்தார். பெரும்பாலான மந்திரமும் சாதா ஆயுதமும் அவனை ஒன்றும் செய்யாது. ஆசீர்வதித்த குறுக்குவில் அம்பு பட்டால் அந்த இடத்திலேயே சாவு. ‘கோல்சாக்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் 1974 டிசம்பரில் வந்த ஒரு கதையிலும் ராட்சசனுக்கு இதே அம்புதான். இராமாயணத்தில் இல்லாத குறுக்குவில் எப்படி வந்தது என்று கேட்கிறவர்களுக்கு அதுதான் பதில்.

இனி எங்கள் மேசைக்கு வருகிறேன்.

நண்பர் வீட்டு ஹால், சனிக்கிழமை ராத்திரி, ஐந்து பேர். எங்கள் டிஎம் எல்லாருக்கும் மூத்தவர், அண்ணா என்றுதான் கூப்பிடுவோம். ஒன்றரை வருஷமாக ஆடிய கதையின் முடிவில் டெமோகார்கன் வர வேண்டும். அவர் அதற்காக ஒரு பொம்மையே வாங்கி வண்ணம் தீட்டி, துணி போட்டு மூடி வைத்திருந்தார். குகை வாசலில் துணியை எடுத்தார். பின்னணிக்குப் பாட்டு வேறு. முதல் முறை எங்கள் மந்திரவாதிக்கு. அந்தப் பாத்திரத்தை ஆடுகிறவர் தொழிலில் ஆடிட்டர், விதிப் புத்தகத்தை வருமானவரிச் சட்டம் மாதிரி வாசிப்பார். “ஃபோர்ஸ்கேஜ்” என்றார். ஏழாம் வரிசை மந்திரம். கண்ணுக்குத் தெரியாத கூண்டு. 1500 பொற்காசு பெறும் மாணிக்கத் தூள் செலவு.

“அவனுக்குச் சேவ் என்னம்மா?” என்றார் அண்ணா, பகடையைக் கையில் எடுத்தபடி.

“சேவ் கிடையாது அண்ணா. புத்தகத்தப் பாருங்க.”

பார்த்தார். தப்பிக்கப் பகடை உருட்டும் பேச்சே அதில் இல்லை. மந்திரத்தைக் கலைக்கும் மந்திரமும் இதனிடம் செல்லாது. இடம் விட்டு இடம் தாவும் சக்தி இருந்தால் தாவப் பார்க்கலாம், டெமோகார்கனுக்கு அது இல்லை. இருபதடிக் கூண்டில் பதினைந்தடி ஆள் கச்சிதமாக அடங்குகிறான். ஒரு மணி நேரம். அந்த மூன்று தப்பிப்புச் சலுகையும், 406-உம், 22-உம் எதுவும் உதவவில்லை. தப்பிப்பதற்கே வழியில்லாத இடத்தில் தப்பிக்கும் சலுகையை எங்கே செலவழிப்பது? அண்ணா பாட்டை நிறுத்திவிட்டு டீ போடப் போனார். அடுப்படியிலிருந்து பத்து நிமிஷம் வரவில்லை. நாங்கள் அதற்குள் கூண்டுக் கம்பிகளுக்கு நடுவில் அரை அங்குலம்தான் இடைவெளி, அதில் அம்பு நுழையுமா என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்.

ஒரு நல்ல டிஎம் இந்த மந்திரம் இங்கே செல்லாது என்று சொல்லியிருக்கலாம். அது எனக்கு உடன்பாடில்லை. ஒன்றரை வருஷம் பகடையை நம்பச் சொல்லிவிட்டுக் கடைசி நாளில் பகடையைப் பிடுங்குவது ஏமாற்று.

அதற்கு நேர்மாறான வழியில் போன விளையாட்டுகளும் உண்டு. 1981-இல் சாண்டி பீட்டர்சன் எழுதிய ‘கால் ஆஃப் கதுல்ஹு’வில் கதுல்ஹுவின் தாக்குதல் ஒரே வரி: சுற்றுக்கு ஒன்று முதல் மூன்று பேரைத் தின்னும். எத்தனை பேர் என்பதற்கு மட்டும் பகடை. அது திகில் விளையாட்டு, ஓடத் தெரிந்தவன்தான் கெட்டிக்காரன், அங்கே அது பொருந்துகிறது. ‘பாத்ஃபைண்டர்’ விளையாட்டு வரப்பு கட்டியது. பேயரசர்கள் 30 வரை, அதற்குமேல் தெய்வங்கள், தெய்வங்களுக்கு எண்ணே கிடையாது. அந்த வரப்பு எனக்குப் பிடிக்கும். பேயரசனை அடிக்கலாம், அடிப்பதற்கு உன் உயரம் போதாது. தெய்வத்தை அடிப்பது பற்றிய பேச்சே இல்லை.

என்னைக் கேட்டால் பழைய 1977 விதியில் ஒதுங்கிக் கிடக்கும் ஒரு குறிப்புதான் எல்லாவற்றிலும் புத்திசாலித்தனம். பேயரசனை நம் உலகத்தில் வெட்டிச் சாய்த்தால் அவன் சாவதில்லை, உடம்பு கலைந்து தன் பாதாளத்துக்குத் திரும்புகிறான். அங்கே போய் அடித்தால்தான் முடிவு. பெரிய பேய்கள் தங்கள் உயிர்ச்சாரத்தை ஒரு தாயத்தில் ஒளித்து வைக்கும் என்றும் அந்தப் புத்தகம் சொல்கிறது. ஏழு கடல் தாண்டி, கிளிக்குள் உயிரை வைத்த மந்திரவாதியின் கதை பாட்டியிடம் கேட்டவர்களுக்கு இது புதிதில்லை. 66 புள்ளி லோல்த்கூட, அவள் வீட்டு வாசலை எட்டுவதற்கே மாதங்கள் ஆனதால்தான் பெரியவளாக இருந்தாள். பலத்தைக் கடைசிச் சண்டையில் அடைப்பதைவிட அந்தச் சண்டைக்குப் போகும் வழியில் பரப்புவது நல்லது. அரசன் என்றால் அவனுக்கு நாடு, வழிபடுகிறவர்கள், விலைபோன மந்திரிகள், பயந்துபோன ஊர்கள் எல்லாம் இருக்கும். அவற்றைத் தாண்டி வந்தவனுக்கு முன்னால் அவன் தனி ஆளாக நின்றால், ஆறு வெட்டில் விழுந்தால்தான் என்ன?

நிஜத்தில் பேயரசர்களைச் சாய்த்தது வாளும் இல்லை, பகடையும் இல்லை. 1980-களில் இந்த விளையாட்டு பிள்ளைகளைச் சாத்தானிடம் இழுக்கிறது என்று அமெரிக்காவில் ஒரு பீதி பரவியது. 1989-இல் இரண்டாம் பதிப்பு வந்தபோது டீமன், டெவில் என்ற இரண்டு சொல்லையும் பதிப்பகமே எடுத்துவிட்டது. இரண்டு வருஷம் கழித்து ‘தனாரி’, ‘பாட்டேசு’ என்று வாயில் நுழையாத புதுப் பெயர்களில் திரும்பி வந்தார்கள். 95 சதவீத மந்திர எதிர்ப்பு பெற்றோர்களின் கடிதத்துக்கு முன்னால் நிற்கவில்லை. ஆர்க்கஸின் பாடு இன்னும் பரிதாபம். 1988-இல் 18 முதல் 100 லெவல் வரையிலான வீரர்களுக்கென்று ஒரு சாகசம் வெளியிட்டு, அவன் மாளிகைக்குள்ளேயே புகுந்து கைக்கோலைத் திருட விட்டார்கள். அடுத்த பதிப்பில் செத்துவிட்டான் என்றே எழுதினார்கள். 1997-இல் ‘டெட் காட்ஸ்’ நூலில் வேறு பெயரில், நிழலாக எழுந்து வந்து, கைக்கோலைத் தேடி அலைந்தான். பிறகு அட்டைப்படத்துக்கே வந்துவிட்டான் என்பதை மேலே பார்த்தோம். செத்த அரசர்களில் அவனுக்கு மட்டும்தான் இப்படி ஒரு பிழைப்பு.

அண்ணா டீத் தட்டோடு திரும்பி வந்தார். உட்கார்ந்தார். தன் தாள்களையெல்லாம் ஓரமாகக் கவிழ்த்து வைத்தார். அதுவே எங்களுக்குக் கொஞ்சம் உதறல்.

டெமோகார்கனின் பார்வை 120 அடிக்குப் பாயும், கூண்டுக் கம்பி அதைத் தடுக்காது. அதனால் நாங்கள் ஐந்து பேரும் அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறோம். அப்போது எங்கள் தலைக்குள் ஒரு குரல் கேட்கிறது. அவனுக்கு இரண்டு தலை, இரண்டுக்கும் தனித்தனிப் பெயர்: ஆமியூல், ஹத்ரடையா. ஒன்றை ஒன்று ஒழித்துக்கட்ட யோசித்துக்கொண்டே வாழும் தலைகள். முதலில் பேசியது இடது தலை. மிக மரியாதையாக, எங்கள் ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி. வலது தலையை வெட்டுவது எப்படி என்று தனக்குத் தெரியும் என்றது. சற்று நேரத்தில் வலது தலை, ஆடிட்டர் அம்மாவின் பாத்திரத்திடம் மட்டும், வேறொரு விலை பேசியது.

கூண்டுக்கு ஆயுள் ஒரு மணி நேரம். அண்ணா கைப்பேசியில் அலாரம் வைத்து மேசை நடுவில் நிறுத்தினார். நாற்பது நிமிஷம் யாரும் பகடையைத் தொடவில்லை. அம்பு நுழையுமா என்று சண்டை போட்டவன் இப்போது இடது தலைக்காக வாதாடினான். ஆடிட்டர் அம்மா அவனை முறைத்தார், தனக்கு வந்த பேச்சுவார்த்தையை எங்களிடம் சொல்லவில்லை. இன்னும் பதினொரு நிமிஷம் இருந்தது. டீ ஆறிப்போய் ஏடு கட்டியிருந்தது.